ஊட்டியை விட்டு இறங்கலாமா? காரமடையில் ஒரு மே மாதம்

நீலகிரியில் ஒருவர் "கீழே போயிருக்கார்" என்று சொன்னால், மாடிப்படி இறங்கியிருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ போயிருக்கிறார் என்று அர்த்தம். சென்னை, மதுரை, தூத்துக்குடி எல்லாமே எங்களுக்குக் 'கீழே'தான். கல்யாணப் புடவை எடுக்கக் கீழே, ஸ்கேன் எடுக்கக் கீழே, பிள்ளைகளின் கல்லூரிக்குக் கீழே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பலர் மொத்தமாகவே கீழே.

அந்தக் கடைசி இறக்கத்தைப் பற்றித்தான் இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் பேச்சு.

சமவெளியில் இருக்கும் என் தோழிகளுக்கு இது புரிவதே இல்லை. "ரிட்டயர் ஆனதும் ஊட்டியில சின்னதா ஒரு வீடு வாங்கி செட்டில் ஆகணும்னு நாங்க கனவு காண்றோம். நீ என்னடான்னா அங்கேருந்து இறங்கணும்ங்கறே!" என்பார்கள். அவர்கள் பார்த்தது மலர்க் கண்காட்சி நேரத்து ஊட்டி. ஜூலையில் நான்கு நாளாகியும் காயாத துணியையும், ஜனவரி காலையில் கல்லாக உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெயையும் அவர்கள் பார்த்ததில்லை.

நாங்கள் இருப்பது கேத்தி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், மலை ரயில் நின்று போகும் ஊர். எங்கள் வீடு சாலையிலிருந்து 64 படி கீழே. மலையில் பல வீடுகள் இப்படித்தான். ஒன்று, ஏறிப் போக வேண்டும். இல்லையென்றால் இறங்கிப் போக வேண்டும். என் கணவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் கோபிசெட்டிபாளையத்துப் பெண். 1992-ல் கல்யாணமாகி, இரண்டு ஸ்வெட்டரோடு மலையேறி வந்தவள்.

வந்த புதிதில் இட்லி மாவு புளிக்கவில்லை என்று அழுதிருக்கிறேன். மாவுப் பாத்திரத்துக்குப் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கொடுத்தது என் மாமியார். இங்கே குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு லேசில் வேகாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை போகாது. 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பி இறக்கினால் பருப்பு பல்லில் கடிபடும். முப்பது வருடத்தில் இதெல்லாம் கைக்குப் பழகிவிட்டது. இப்போது கோபிக்குப் போனால்தான் மாவு ராத்திரியே பொங்கி வழிந்து என்னைத் திணறடிக்கிறது.

எனக்கு 58 வயது. அரசுப் பள்ளி ஆசிரியை. அவருக்கு 63. தனியார் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கராக இருந்தார். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்துபோன காலத்தில் ஆலை மூடப்பட்டு, 50 வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டை ஒட்டிய இருபது சென்ட்டில் கேரட், பீன்ஸ், பூண்டு என்று அவருக்கு அதுதான் உலகம்.

பிரச்னை அவருடைய மூச்சு. இருபது வருடம் சிகரெட் பிடித்தவர். விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. ஆனால் நுரையீரல் கணக்கை மறக்கவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கோவையில் சொன்னார்கள். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மண்வெட்டி பிடிப்பார். நவம்பரில் நீர்ப்பனி இறங்கத் தொடங்கியதும் இருமல் வரும். டிசம்பர், ஜனவரியில் அது உறைபனியாக மாறி, புல்வெளி உப்பு கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும்போது, வீட்டுக்குள் அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவார்.

முன்பெல்லாம் குளிருக்குக் கணப்புச் சட்டியில் கரி போட்டுக்கொள்வோம். அதை மருத்துவர் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். சுற்றுலா வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலையில் அப்படி நடந்திருக்கிறது.

போன ஜனவரியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். இன்ஹேலர் கேட்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. 108-க்குப் போன் செய்தேன். வண்டி சாலைக்கு வந்துவிடும், 64 படியை யார் ஏற்றுவது? பக்கத்து வீட்டு அக்காவின் இரண்டு பிள்ளைகளும், எதிர்வீட்டுத் தம்பிகள் இருவரும் ஓடி வந்தார்கள். சாப்பாட்டு மேசை நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கம்பளியால் கட்டி, நாலு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பனியில் படி வழுக்கியது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். பிழைத்து வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன், "என்னங்க, போதும். நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடறேன். கீழே போயிடலாம்."

"கீழே போனா, ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை யார் வந்து தூக்குவா?" என்றார்.

"அங்கே தூக்கறதுக்குப் படியே இல்லையேங்க!"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் விஷயம் முடியாமல் இழுத்தது.

இந்த மலைக்கு ஏறுவதும் இறங்குவதும் புதுக் கதை இல்லை. தோடர், படுகர், கோத்தர், குறும்பர், இருளர் என்று மலைக்குச் சொந்தக்காரர்கள் எப்போதோ இருந்தார்கள். வெயில் தாங்காமல் ஏறி வந்தவர்களின் கதை கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனிடம் தொடங்குகிறது. 1819-ல் மலைக்கு வந்தார். ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா இன்று அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் உடம்பு தேறுவதற்கு இந்தக் குளிரைவிட நல்ல மருந்து இல்லை என்று அரசாங்கத்தோடு வாதாடியவர் அவர். ஆனால் 1838-ல் அவருடைய மனைவியும் ஒரு மகளும் இங்கேயே இறந்துபோனார்கள். புனித ஸ்டீபன் தேவாலயத்துக் கல்லறையில் இருக்கிறார்கள். 1841-ல் சல்லிவன் மலையைவிட்டு இறங்கி, இங்கிலாந்துக்கே போய்விட்டார்.

நேரெதிராக ஃபீல்டு மார்ஷல் மானெக் ஷா. அமிர்தசரஸில் பிறந்த பார்சி. 1973-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு குன்னூரில் வீடு கட்டிக்கொண்டு, முப்பது வருடத்துக்கும் மேல் இங்கேயே வாழ்ந்தார். 2008 ஜூன் 27-ம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானபோது அவருக்கு 94 வயது. ஊட்டி பார்சி மயானத்தில் மனைவியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். என் கணவர் பேச்சுக்குப் பேச்சு இவரைத்தான் சாட்சிக்கு இழுப்பார். "அவர் 94 வரைக்கும் இருக்கலையா?" அவருக்குக் கூப்பிடு தூரத்தில் ராணுவ மருத்துவமனை இருந்தது, நமக்கு 64 படி இருக்கிறது என்று நானும் விடமாட்டேன்.

மருத்துவமனை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட காலம் எங்களுக்குப் பெரிய வியாதி என்றாலே கோவைதான். ஊட்டியிலிருந்து 85 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையும் சாலையுமாக. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்ட பிறகு, 'டாக்டருக்காக இறங்குகிறோம்' என்ற பழைய காரணம் கொஞ்சம் வலுவிழந்துவிட்டது. எங்கள் தெருவில் இறங்க நினைத்த ஒரு குடும்பம் அதனாலேயே யோசனையைத் தள்ளிவைத்திருக்கிறது.

சரி, என் வேலை. பழைய கணக்குப்படி எனக்கு இந்நேரம் பிரிவு உபசார விழா நடந்து முடிந்திருக்க வேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 58 என்று இருந்த ஓய்வு வயது 2020-ல் 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. நான் பணியில் சேர்ந்தது 1994-ல், பழைய ஓய்வூதியத் திட்டத்தில். 30 வருடப் பணி முடிந்தால் முழு ஓய்வூதியம், அதாவது கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் அகவிலைப்படி. அந்த 30 வருடம் எனக்கு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் ஓடினால் இரண்டு இன்கிரிமென்ட்டும், பணிக்கொடையில் கொஞ்சமும்தான் கூடும். (2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் கணக்கே வேறு, என்னைப் பார்த்து யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள்.)

ஆனால் அந்த இரண்டு வருடமும் கைக்கு முழுச் சம்பளம் வருவதற்கும் பாதி வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே! அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. மலையில் வேலை செய்வதற்காகத் தரும் மலைப்படியும் குளிர்காலப்படியும் ஓய்வு பெற்ற அன்றோடு நின்றுவிடும். "அந்தப் படி நிக்கும். இந்த 64 படி நிக்காது" என்று அவர் சிரிப்பார்.

பணத்தைவிட அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. "வேலையை விடறது லேசு. காலையில எட்டு மணிக்குக் குளிச்சு, சட்டை போட்டுட்டு, எங்கே போறதுன்னு தெரியாம வாசல்ல நிக்கறது இருக்கே, அதை நான் பார்த்துட்டேன். நீ எனக்காக அதைச் செய்யாதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போது ஓய்வு பெறுவது, எங்கே போய் இருப்பது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தோம். ஒன்று என்னுடைய வேலை பற்றியது, மற்றது அவருடைய மூச்சு பற்றியது. ஒன்றுக்கு விடை கிடைக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டியதில்லை. இடத்தை முதலில் பார்த்துவிடுவோம் என்று, பள்ளி விடுமுறை விட்டதும் இந்த மே மாதம் முழுக்கக் காரமடையில் தங்கினோம். அவருடைய தங்கை குடும்பம் அங்கே இருக்கிறது. பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு கீழ்த்தளப் போர்ஷனை மாத வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாள்.

"மே மாசத்துலயா அண்ணி? டிசம்பர்ல வாங்க, ஜிலுஜிலுன்னு இருக்கும்" என்றாள். அதற்காகத்தான் மே. இங்கிருந்து பலர் டிசம்பரில் கோவைக்குப் போய், இளவெயிலில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார்கள். ஏப்ரலில் விழிப்பார்கள். மாப்பிள்ளையைக் கோபத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும் என்பார் என் அப்பா; வெயிலுக்கும் அதேதான்.

மலை ரயிலில் இறங்கலாம் என்று ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம். சீசனில் உள்ளூர்க்காரர்களுக்கு டிக்கெட் ஏது? பஸ்தான். பர்லியாறு வரும்போது காது அடைத்துத் திறந்தது. ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்தோம். கல்லாறு பாக்குத் தோப்பைத் தாண்டியதும் ஜன்னல் வழியாக அடுப்புக் காற்று.

காரமடை அரங்கநாதர் கோயிலுக்கு மாசித் தேரோட்டத்தின்போது வந்திருக்கிறோம்; குடியிருந்ததில்லை. ஊரைச் சுற்றிக் கறிவேப்பிலைத் தோட்டங்கள். காலையில் காற்றடித்தால் யாரோ தாளித்துக் கொட்டியது போல வாசனை.

முதல் நாள் ராத்திரி அவர் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது. மாட்டுவதற்குக் கூரையில் கொக்கிகூட இல்லை. "இது கழண்டு விழாதில்ல?" என்றார். மூன்றாவது நாள் அதன் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதவர் ஆகிவிட்டார். நான்தான் தவித்துப்போனேன். கோபியில் பிறந்தவள், பவானித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், வேர்க்குருவும் கொசுக்கடியுமாக ராத்திரி இரண்டு மணிக்கு நனைந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மலையில் பிறந்தவர் உள்ளே குறட்டை விட்டார்.

மதியம் 38 டிகிரி வரை போனது. பதினொன்றிலிருந்து நாலரை வரை வெளியே தலைகாட்ட முடியாது. மேட்டுப்பாளையம் ரோட்டின் தூசும் வண்டிப் புகையும் அவருக்கு ஆகவில்லை. ஒரு நாள் கடைவீதிக்குப் போய்விட்டு வந்து இன்ஹேலர் எடுத்தார். வெப்பம் என்றால் நுரையீரலுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். குளிர் மூச்சுக்குழாயைச் சுருக்கும். தூசும் அதைத்தான் செய்யும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மே மாதத்தில் மேலேயும் அவருக்கு மூச்சு நன்றாகத்தான் இருக்கும். ஆகவே நாங்கள் அங்கே சோதித்தது அவருடைய நுரையீரலை இல்லை. வெயிலைத் தாங்கும் சக்தியை. அதில் அவர் பாஸ், நான் ஃபெயில்.

எதிர்பாராமல் கிடைத்தது வேறு. ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு அண்ணனும் தங்கையும் நடந்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். எனக்குப் பகீரென்றது. திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "கோயில் வரைக்கும் போய், டீ குடிச்சிட்டு, சந்தைப் பக்கமா சுத்திட்டு வந்தோம். எங்கேயும் ஏறவே இல்ல." கேத்தியில் தோட்டத்தைத் தாண்டி அவர் தனியாகப் போய் இரண்டு வருடம் ஆகிறது, போனால் திரும்ப ஏற வேண்டுமே என்று போகமாட்டார். நாங்கள் தேடிப் போனது சூடு. அங்கே கிடைத்தது சமதரை. மூச்சுக் கோளாறு, முழங்கால் வலி இருப்பவர்கள் ஊர் மாற நினைத்தால் வெப்பமானியை மட்டும் பார்க்காதீர்கள். வாசற்படி எத்தனை, பால் வாங்க எவ்வளவு ஏற்றம் என்று நடந்து பாருங்கள்.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனால் வடக்கே மலை சுவர் போல நிற்கும். இருட்டியதும் மேலே புள்ளிப் புள்ளியாக விளக்குகள். "அது குன்னூர்" என்பாள் தங்கை. "குன்னூர் இந்தப் பக்கம் தெரியாது, அது வேற ஊரு" என்பார் அவர். தினமும் இந்த வழக்கு.

பத்தொன்பதாம் நாள் கேத்தியிலிருந்து போன். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மாமனார் இறந்துவிட்டார். போன ஜனவரியில் நாற்காலி தூக்கிய பிள்ளைகளின் தாத்தா. அவர் ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, விடிகாலை முதல் பஸ்ஸில் கிளம்பினார். நானும் ஓடிப்போய் ஏறினேன். அன்று 64 படியையும் நின்று நின்று இறங்கி, காரியம் முடிந்து ஏறியபோது, அந்தப் பிள்ளைகள் இருவரும் துக்கத்துக்கு நடுவிலும் அவருக்கு முன்னும் பின்னுமாக வந்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, "வீட்டை மட்டும் விக்க வேண்டாம்" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. விற்றுவிட்டுக் கீழே போய், ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்து மலையில் வாடகைக்கு வீடு தேடியவர்களை எங்களுக்குத் தெரியும்.

இப்போதைக்கு ஏற்பாடு இப்படி. நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முடிய அவர் காரமடையில். அதே கீழ்த்தளப் போர்ஷன். வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. சாப்பாடு தங்கை வீட்டில். போவதற்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்புவேன். அரையாண்டு விடுமுறை முழுக்க அங்கே. மார்ச்சில் அவர் மேலே வந்து கேரட் விதைப்பார். மே மாதம் எங்களை யாராலும் கீழே இறக்க முடியாது.

ஓடிக்கொண்டே இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் மிளகாய்த்தூள், அரிசி, மாத்திரை என்று இரட்டைச் செலவுதான். தனியாக இருக்கும் நாலு மாத ராத்திரிகளை நினைத்தால் எனக்கும் கொஞ்சம் கலக்கம்தான். ஆனால் அந்த நாற்காலி ராத்திரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். டி.என்.43 என்று தொடங்கும் எங்கள் வண்டிகளுக்குத் தேவையில்லை. "ஸ்கூட்டரைக் காரமடையில் விட்டுட்டு வரலாம், ஆனா நம்பரை மட்டும் மாத்தக் கூடாது" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

என் வேலை விஷயத்தில் ஒன்றுதான் பாக்கி. 2027 செப்டம்பரில் எனக்கு 60 முடிகிறது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியர்கள் அந்த ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் தொடரலாம். வாங்கிக்கொள்வதா, செப்டம்பரிலேயே கிளம்பிவிடுவதா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. அவரிடம் கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஏழு மாசம்னா ரெண்டு கேரட் போகம்தானே. இருந்துட்டு வா."